சோலைக்கிளிகள் இரண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகளில் மட்டுமே வாழும் இரண்டு சின்னப் பாடும் பறவைகள் நீலகிரி சோலைக்கிளியும் வெண்வயிற்றுச் சோலைக்கிளியும். மலைக்குப் பறவை பார்க்க வருகிறவர்களிடமிருந்து இவை பற்றித் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். சுலபமானவை முன்னால், வம்பு பிடித்தவை பின்னால்.

சோலைக்கிளி என்றால் பச்சைக்கிளி மாதிரி ஒரு கிளிதானே?

இல்லை. கிளிக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இது ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்தது. சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும்: ஏறக்குறைய 15 செ.மீ. நீளம், நீண்ட கால்கள், குட்டை வால், குட்டை இறக்கை. சோலைக்காட்டுத் தரையில் (மேல்மலையின் மடிப்புகளில் நிற்கும் குளிர்ந்த ஈரக் காட்டைத்தான் சோலை என்கிறோம்) நிழலோடு நிழலாகத் தத்தித் திரியும் பறவை. கிளை நுனியில் உட்கார்ந்து காட்சி தரும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

இரண்டுமே நீலமாக இருக்கின்றன, இரண்டுக்குமே வயிறு வெள்ளை. எதை வைத்துப் பிரிப்பது?

விலாவைப் பாருங்கள். முதுகு, தலை, மார்பு எல்லாம் இரண்டிலும் கருநீலம். வயிற்றின் நடுப்பகுதி இரண்டிலும் வெள்ளை. நீலகிரி சோலைக்கிளிக்கு வயிற்றின் இரு ஓரங்களிலும் வாலின் அடியிலும் செம்பழுப்பு படர்ந்திருக்கும். வெண்வயிற்றுச் சோலைக்கிளிக்கு விலா சாம்பல் கலந்த நீலம். செம்பழுப்பு துளியும் கிடையாது.

அடுத்தது புருவம். வெண்வயிற்றுக்கு நெற்றியோரத்தில் வெள்ளைப் புருவம் பளிச்சென்று தெரியும். நீலகிரிக்கு அது மங்கலான சாம்பல்நீலக் கோடு. சோலையின் இருட்டில் விலா தெரியாமல் போனாலும் புருவம் கண்ணில் படும்.

ஆண், பெண் வித்தியாசம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். இளம் பறவைக்கு மட்டும் அடிப்பக்கம் பழுப்பாகக் கோடு கோடாக இருக்கும். வெண்வயிற்று நீல ஈப்பிடிப்பானின் ஆணைப் பார்த்துவிட்டு இதுதான் என்று நினைக்கிறவர்களும் உண்டு. அது தாழ்ந்த கிளைகளில் நிமிர்ந்து உட்கார்ந்து பூச்சி பிடிக்கும். சோலைக்கிளியைப் போலத் தரையில் தத்தித் திரியாது.

புருவமும் தெரியவில்லை, விலாவும் தெரியவில்லை. இடத்தை வைத்தே சொல்லிவிடலாமா?

தாராளமாக. இந்த இரண்டையும் பொறுத்தவரை இடம்தான் மிகச் சிறந்த அடையாளம். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே என்றால் நீலகிரி சோலைக்கிளி: உதகை, கோத்தகிரி பக்கத்துச் சோலைகள், வயநாட்டு மலைகள், பிரம்மகிரி, இன்னும் வடக்கே பாபாபுடன் மலை வரை. கணவாய்க்குத் தெற்கே என்றால் வெண்வயிறு: ஆனைமலை, மூணாறு, இரவிகுளம், பழனி மலை. கோத்தகிரி லாங்வுட் சோலையில் பார்த்தது எது, கொடைக்கானல் வட்டக்கானலில் பார்த்தது எது என்று யாரும் குழம்ப வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்து வாழும் இடம் எதுவுமே கிடையாது.

இன்னும் தெற்கே, அகத்தியமலைப் பக்கம் போனால் கதை கொஞ்சம் மாறும். அதற்குத் தனிக் கேள்வி இருக்கிறது.

வானம் தெளிந்த நாளில் கோவையில் நின்றால் ஒரு பக்கம் நீலகிரி, மறு பக்கம் ஆனைமலை இரண்டும் தெரிகின்றன. பறவைதானே, பறந்து போய்விடாதா?

நம் கண்ணுக்குப் பக்கம்தான். இந்தப் பறவைக்கு அது கடக்க முடியாத தூரம். பாலக்காட்டுக் கணவாயின் அகலம் 30 முதல் 40 கி.மீ., உயரமோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 140 மீட்டர்தான். சோலைக்கிளி பெரும்பாலும் 1,200 மீட்டருக்கு மேலே, குளிர்ந்த ஈரச் சோலைக்குள் வாழ்வது. குட்டை இறக்கையோடு புதருக்குப் புதர் தாவும் பறவை, வெயில் கொளுத்தும் சமவெளியை ஒரே மூச்சில் கடந்து போகாது. சூழலியல் ஆட்கள் இந்த மலையுச்சிகளை ‘வானத் தீவுகள்’ என்பது இதனால்தான்.

போகாது என்பதற்கு மரபணுச் சான்றும் இருக்கிறது. வி.வி. ராபின், உமா ராமகிருஷ்ணன் முதலான ஆய்வாளர்கள் பல மலைகளின் பறவைகளிடமிருந்து மாதிரிகள் எடுத்து ஒப்பிட்டு, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். கணவாயின் இரு பக்கத்துப் பறவைகளும் பிரிந்து லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிட்டன.

என்னிடம் இருக்கும் பழைய கையேட்டில் ஒரே இனம் என்றுதான் போட்டிருக்கிறது. பெயர்கூட வேறாக இருக்கிறதே?

கையேடு பழசு, அவ்வளவுதான். நீலகிரிப் பறவையை 1844இல் ஜெர்டனும், பழனி மலைப் பறவையை 1868இல் பிளான்ஃபோர்டும் என்று இரண்டு இயற்கை ஆய்வாளர்கள் தனித்தனியாகத்தான் விவரித்தார்கள். பின்னால் வந்தவர்கள் இரண்டையும் ஒரே இனத்தின் இரண்டு வடிவங்கள் என்று சேர்த்துவிட்டார்கள். ‘ஷார்ட்விங்’ என்ற பெயரில் இமயமலைப் பக்கத்துப் பறவைகளோடு ஒரே பேரினத்தில் (நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் தொகுதி) வெகுகாலம் இருந்தன. 2005இல் பமீலா ராஸ்முசனும் ஜான் ஆண்டர்டனும் வெளியிட்ட தெற்காசியப் பறவைக் கையேடு மறுபடி இரண்டாகப் பிரித்தது.

2017இல்தான் முழுக் கணக்கும் நேரானது. இவை ஷார்ட்விங்குகளே அல்ல, வேறு எந்தப் பேரினத்திலும் அடங்காத பழைய கிளை என்று மரபணு ஆய்வு காட்டியதால் ‘சோலிகோலா’ என்ற புதுப் பேரினம் வந்தது. நீலகிரி சோலைக்கிளி சோலிகோலா மேஜர், வெண்வயிறு சோலிகோலா ஆல்பிவென்ட்ரிஸ். ஆக, இந்தப் பேரினமே மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டும் உரியது. இது பின்னால் வரும் ஒரு பதிலுக்குத் தேவைப்படும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன தின்னும், எங்கே கூடு கட்டும்?

தரையில் கிடக்கும் சருகைக் கிளறிப் பூச்சி புழுக்களைப் பிடிக்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை இனப்பெருக்கக் காலம். மரப்பொந்து மாதிரியான இடத்தில், தரையிலிருந்து அதிக உயரம் போகாமல், பாசியும் மெல்லிய வேரும் வைத்துக் கிண்ணம்போலக் கூடு கட்டும். வழக்கமாக இரண்டு முட்டைகள். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும்.

இரண்டே முட்டை என்பது கவனிக்க வேண்டிய விஷயம். எண்ணிக்கை ஒருமுறை சரிந்தால் சட்டென்று மீளும் வகைப் பறவை அல்ல இது.

பாட்டு எப்படி இருக்கும்? இரண்டும் ஒரே மாதிரிதான் பாடுமா?

சீட்டியும் கரகரப்பும் கலந்த நீளமான பாட்டு. விடியலில் பனி விலகாத சோலையில் கேட்டால், இவ்வளவு சின்னப் பறவையா என்று தோன்றும். பறவையைப் பார்ப்பதற்கு முன் பாட்டைத்தான் கேட்பீர்கள். பல நாள் பாட்டோடு திரும்ப வேண்டியதுதான்.

பாடும் பறவைக் குஞ்சுகள் மூத்த பறவைகளைக் கேட்டுத்தான் பாடக் கற்கின்றன. அதனால் பிரிந்து வாழும் கூட்டங்களின் பாட்டு காலப்போக்கில் விலகிப் போகும். பழங்காலக் கணவாய்கள் பிரித்த கூட்டங்களிடையே பாட்டு வேறுபடுகிறது. சமீபத்தில் காடழிப்பால் பிரிந்த கூட்டங்களிடமும் வேறுபாடு தெரிகிறது, ஆனால் பாட்டின் வேறு கூறுகளில். 2016இல் சேத்தனா புருஷோத்தமும் ராபினும் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ஒரு காட்டைத் துண்டு போட்டால் அதன் விளைவு பறவையின் தொண்டை வரை போகிறது என்பது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

நீலகிரி ‘அருகிய இனம்’, வெண்வயிறு ‘அழிவாய்ப்பு இனம்’ என்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் உள்ள படிநிலைகள் இவை. பறவைகளுக்கான மதிப்பீட்டைச் செய்வது பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல். அற்றுப்போகும் ஆபத்து ஏற ஏற அழிவாய்ப்பு, அருகிய, மிக அருகிய என்று வரிசை போகும். இரண்டையும் தனித்தனியாக மதிப்பிட்ட பிறகு நீலகிரி சோலைக்கிளி அருகிய இனமாகவும், வெண்வயிறு அதற்கு ஒரு படி கீழே அழிவாய்ப்பு இனமாகவும் வைக்கப்பட்டன. பட்டியலை அவ்வப்போது திருத்துவார்கள் என்பதால், எங்காவது மேற்கோள் காட்டும் முன் அன்றைய பதிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இந்த இரண்டைப் பொறுத்தவரை முக்கியமான அளவுகோல் பரவல் எல்லை. ஓர் இனம் பரவியிருக்கும் மொத்தப் பரப்பு 20,000 சதுர கி.மீ.க்குள் இருந்தால் அழிவாய்ப்பு, 5,000க்குள் இருந்தால் அருகிய இனம். பரப்பு சிறியது என்பது மட்டும் போதாது. வாழிடம் துண்டு துண்டாகியிருப்பது அல்லது மிகச் சில இடங்களில் மட்டுமே இருப்பது, தொடர்ந்து சரிவது, கடுமையான ஏற்ற இறக்கம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இரண்டு பறவைகளின் பிரச்சினையும் ஒன்றுதான்: வாழிடம் துண்டாவதும் அதன் தரம் குறைவதும். படி வேறுபடுவது முக்கியமாக வசிக்கும் இடத்தின் அளவால். அதனால் அழிவாய்ப்பு என்றால் ‘பரவாயில்லை’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் போகும்போதெல்லாம் ஊட்டியில் பார்த்துவிடுகிறேன். இதையா அருகிய இனம் என்கிறார்கள்?

நல்ல கேள்வி, நிறையப் பேர் கேட்பது. நீங்கள் போவது இருக்கும் இடத்துக்கே. சோலைக்குள் போனால் பறவை இருக்கத்தான் செய்யும். உள்ளூரில் எளிதாகக் கண்ணில் படுவது வேறு, உலகம் முழுவதிலும் எவ்வளவு இடத்தில் இருக்கிறது என்பது வேறு. அந்தச் சோலையிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி, தேயிலைத் தோட்டத்தின் நடுவில் நின்று தேடிப் பாருங்கள். சோலையை ஒட்டிய தோட்ட ஓரத்தில் தலைகாட்டுவதுண்டு. சோலையே இல்லாத இடத்தில் இராது.

சோலைகள் எல்லாம் காப்புக்காட்டுக்குள்தானே இருக்கின்றன? அப்புறம் என்ன ஆபத்து?

பல சோலைகள் பாதுகாப்புக்குள் இருக்கின்றன என்பது உண்மை, நல்ல செய்தியும்கூட. முக்குருத்தி, இரவிகுளம், ஆனைமலை புலிகள் காப்பகம், 2013இல் அறிவித்த கொடைக்கானல் காட்டுயிர் சரணாலயம் என்று பட்டியல் நீளம். ஆனால் பெரிய இழப்பு முன்பே நடந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டிலிருந்து காப்பி, தேயிலை, சின்கோனா என்று மலையைத் திருத்தினார்கள். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) வந்தது. பிறகு தோல் பதனிடும் பட்டைக்காகவும் மரக்கூழுக்காகவும் சீகை (வாட்டில்) மரத்தை ஏக்கர் ஏக்கராக நட்டார்கள். மிஞ்சிய சோலைகள் இவற்றுக்கு நடுவே தனித்தனித் துண்டுகளாக நிற்கின்றன.

துண்டுக்குள் இருக்கும் பறவை பிழைத்திருக்கிறது என்பதோடு விஷயம் முடிவதில்லை. 2015இல் வந்த ஒரு மரபணு ஆய்வு வெண்வயிற்றுச் சோலைக்கிளியையும் அதே மலைகளில் வாழும் ஒரு சிரிப்பான் பறவை வகையையும் சேர்த்துப் பார்த்தது. மனிதர்கள் காட்டைப் பிரித்த இடங்களில் கூட்டங்களுக்கு இடையே மரபணுக் கலப்பு குறைந்திருப்பது தெரிந்தது. அதாவது கணவாய் லட்சக்கணக்கான ஆண்டுகளில் செய்த வேலையை நாம் நூற்றைம்பது ஆண்டுகளில் செய்யத் தொடங்கியிருக்கிறோம். வேலி போட்டுச் சோலையைக் காப்பாற்றலாம். ஒரு சோலைக்கும் அடுத்த சோலைக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதை வேலி தீர்மானிக்காது.

அப்படியானால் சோலையைச் சுற்றியுள்ள வெற்றுப் புல்வெளியில் மரம் நட்டால் பறவைக்கு நல்லதுதானே?

தயவுசெய்து வேண்டாம். அது வெற்றிடம் அல்ல. மேல்மலையில் சோலையும் புல்வெளியும் சேர்ந்ததுதான் காடு. மடிப்புகளிலும் ஓடையோரங்களிலும் சோலை, சரிவுகளில் புல். மழைநீரைப் பிடித்து வைத்து மெதுவாக ஓடைக்கு விடுவதில் புல்வெளிக்குப் பெரிய பங்கு உண்டு, அந்த ஓடையோரத்தில்தான் சோலை நிற்கிறது. புல்லில் மட்டுமே வாழும் நீலகிரி நெட்டைக்காலி மாதிரியான பறவைகளின் கதியையும் யோசிக்க வேண்டும்.

பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு சொல்கிறது. நல்லெண்ணத்தோடு நட்ட மரங்களும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

சரி, அப்போது சீகையை எல்லாம் வெட்டித் தள்ளிவிட வேண்டியதுதானே?

இங்கேதான் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள். அந்நிய மரங்களை அகற்றி இயற்கை வாழிடத்தை மீட்பதற்குத் தமிழ்நாடு அரசு 2022இல் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. புல்வெளிக்குள் புதிதாகப் பரவும் சீகைக் கன்றுகளைப் பிடுங்குவதில் யாருக்கும் இரண்டு கருத்து இல்லை. வெட்டிய இடத்தில் விதைகள் குப்பென்று முளைக்கும் என்பதால் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பப் பிடுங்க வேண்டியிருக்கும். அது பணமும் பொறுமையும் சார்ந்த விஷயம்.

வயதான சீகைத் தோப்பில்தான் சிக்கல். பக்கத்தில் சோலை இருந்தால் அதன் மரக்கன்றுகள் சீகை நிழலில் தாமாகவே வளரத் தொடங்கியிருக்கும். அந்தத் தோப்பை ஒரே நாளில் மொட்டையடித்தால் கன்றுகளும் போய்விடும். சோலைக்கிளிக்குக் கிடைத்திருக்கக்கூடிய கூடுதல் நிழலும் போய்விடும். என் கருத்து: புல்லாக இருந்த இடத்தைப் புல்லாக்கலாம், சோலையை ஒட்டிய இடத்தைச் சோலையாக மாற விடலாம். எந்த இடம் எது என்று மண்ணைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், முழு மலைக்கும் ஒரே உத்தரவு சரிவராது.

மூன்றாவதாக ஒரு சோலைக்கிளி இருக்கிறதாமே?

ஆமாம், கிட்டத்தட்ட. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, அகத்தியமலைப் பகுதியில் வாழும் பறவைகளை 2017 ஆய்வு தனி இனமாக விவரித்தது. சோலிகோலா ஆஷம்புயென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். பார்க்க வெண்வயிறு மாதிரியே இருக்கும். எல்லாப் பறவைப் பட்டியல்களும் அதைத் தனி இனமாக ஏற்கவில்லை. சில வெண்வயிற்றின் துணையினமாகவே வைத்திருக்கின்றன.

இரண்டாகப் பிரித்ததால்தான் நீலகிரி ‘அருகிய இனம்’ ஆனது. பறவை ஒன்றும் குறையவில்லையே, இது வெறும் காகிதக் கணக்குதானே?

பாதி சரி. ஒரே இனமாக இருந்தபோது மொத்தமும் அழிவாய்ப்பு என்ற படியில் இருந்தது. பிரித்ததும் ஒவ்வொன்றின் பரப்பும் சுருங்கியது. நீலகிரிப் பறவை ஒரு படி ஏறியது. அந்த வருடம் காட்டில் எதுவும் மாறவில்லை.

ஆனால் இதைத் திருப்பிப் பாருங்கள். ஒரே இனம் என்று வைத்திருந்தபோது வடக்கே சோலைக்கிளி முற்றிலும் அற்றுப்போயிருந்தாலும், ‘தெற்கே இருக்கிறதே’ என்று கணக்கு சமாதானம் சொல்லியிருக்கும். பழைய கணக்குதான் ஆபத்தை மறைத்தது. அகத்தியமலைக் கூட்டத்தைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டால் அதற்கும் இதே மறுமதிப்பீடு தேவைப்படும். அப்போது வெண்வயிற்றின் பரப்பும் குறையும்.

ஒரு பக்கம் குறைந்தால் மறு பக்கத்திலிருந்து பிடித்துக் கொண்டுவந்து விடலாமே?

முடியாது. மேலே மரபணு பற்றியும் பாட்டு பற்றியும் சொன்னவற்றைச் சேர்த்துப் பார்த்தாலே பதில் வந்துவிடும். கொடைக்கானல் பறவையை உதகையில் விடுவது இருப்பதைக் கூட்டுவதாகாது, வேறோர் இனத்தைக் கொண்டுவந்து கலப்பது. இந்தியக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணமும் ஆளும் குறைவு. ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் அருகிய இனத்துக்குத்தானே முன்னுரிமை?

சிவப்புப் பட்டியல் ஆபத்தை அளக்கிறது. எதற்கு முதலில் செலவழிப்பது என்று அது சொல்வதில்லை. இரண்டு பறவைகளும் இரண்டு வெவ்வேறு மலைத்தொகுதிகளில் இருப்பதால், ஒன்றுக்குச் செய்வது மற்றதற்கு எந்த வகையிலும் போய்ச் சேராது. ஒன்றை விட்டுவிடுவது என்றால் அந்த மலைத்தொகுதியின் சோலையையே விட்டுவிடுவதாகிவிடும். பேரினத்தைப் பற்றிச் சொன்னதை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? இந்தக் கிளையில் இருப்பதே இரண்டோ மூன்றோ இனங்கள், எல்லாமே இங்கேதான். ஒன்று போனால் அந்தக் கிளையில் பெரும் பங்கு போய்விடும்.

வெப்பம் ஏறினால் இன்னும் மேலே போய்விடுமா?

எங்கே போகும்? நீலகிரியில் தொட்டபெட்டாவின் உச்சி 2,637 மீட்டர், தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர். அதற்கு மேல் மலை இல்லை. சமவெளிப் பறவைக்கு மலை ஏற வழி உண்டு. ஏற்கெனவே மேலே இருப்பதற்கு இல்லை. உயரம் கூடக் கூட மலையின் பரப்பும் குறுகும் என்பதால், உச்சியைத் தொடும் முன்பே இடம் நெருக்கும். இன்றைய அளவில் துண்டாகிப்போன சோலைதான் பெரிய கவலை என்பேன். வெப்பம் அதன் மேல் வந்து உட்காரும்.

பாட்டை ஸ்பீக்கரில் போட்டு வரவழைத்துப் படம் எடுக்கலாமா?

வேண்டாம். தன் எல்லைக்குள் இன்னொரு பறவை நுழைந்துவிட்டது என்று நினைத்துத்தான் அது வெளியே வருகிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை அடைகாப்பதை விட்டுவிட்டு வரும். எல்லாரும் போகும் ஒரே சோலையில் ஒரே ஜோடியை நாளுக்கு நாலு பேர் இப்படி அலைக்கழிப்பதை நினைத்துப் பாருங்கள். பாதையோரமாகச் சத்தமில்லாமல் உட்கார்ந்தால் அதுவே வெளியே வரும், குறிப்பாக அதிகாலையிலும் மாலை மங்கும் நேரத்திலும்.

நான் பார்த்ததைப் பதிவு செய்தால் யாருக்காவது பயன்படுமா?

படும். பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் இணையதளத்தில் போடுங்கள். ‘ஊட்டி’ என்று பொதுவாகப் போடாமல் எந்தச் சோலை என்று குறியுங்கள். துண்டுகளைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் பேசினோம். பாட்டு மட்டும் கேட்டிருந்தால் அதையும் எழுதலாம், கைபேசியில் பதிவு செய்தது இருந்தால் இன்னும் நல்லது. கூடு கண்ணில் பட்டால் அதன் இடத்தை மட்டும் பொதுவில் போட வேண்டாம். பறவை கிடைக்காத நாளிலும் பார்த்த மற்றவற்றை முழுப் பட்டியலாகப் போடுங்கள். ஒரு சோலையில் தொடர்ந்து சில வருடம் சோலைக்கிளி பதிவாகவில்லை என்பது அப்படிப்பட்ட பட்டியல்களிலிருந்துதான் தெரியவரும்.